சதுரங்கப்பட்டினம் கோட்டைச் சுவரில் நான் எழுதிய இரண்டு பெயர்கள்

ஆவடி, அம்பத்தூர் பக்கம் வளர்ந்து இப்போது அறுபதை எட்டிப் பிடிக்கிற உங்களுக்குக் காணும் பொங்கல் லாரியை நான் விவரிக்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு லாரி. பெண்களும் குழந்தைகளும் கேபினை ஒட்டிப் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் புளிச்சோற்று அண்டா, கரும்புக் கட்டு, ஒரு குடம் தண்ணீர். பூந்தமல்லி தாண்டுவதற்குள் யாராவது ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிடும். பெரும்பாலும் அது நான்தான்.

எனக்கு ஒன்பது வயதில் வந்த காணும் பொங்கலைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அந்தத் தை மாதத்திலிருந்து வைகாசிக்குள் எங்கள் வீட்டில் நடந்ததில் என் பங்கு என்ன என்பதை ஐம்பது வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். இதில் யாருடைய பெயரும் வராது. பெயர் எழுதி ஒரு தடவை பட்டது போதும்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அவருடைய அப்பா காலம் வரை எல்லோரும் பருத்திப்பட்டு ஏரித் தண்ணீரில் அடுத்தவர் வயலுக்கு நாற்று நட்டவர்கள். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். அப்போது அது பதினோராம் வகுப்பு. எங்கள் சொந்தத்திலேயே அந்தப் பரீட்சை வரை வந்த முதல் ஆள் அவள்தான். தொழிற்சாலைக்கு இயந்திரம் வந்த மரப்பெட்டிகளின் பலகையை நைனா கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டி எடுத்துவந்து, தன் கையாலேயே அவளுக்கு ஒரு மேசை செய்து கொடுத்திருந்தார். அதன் மேல் ஏதோ வெளிநாட்டு எழுத்து கறுப்பு மையில் பாதி அழிந்து தெரியும். அக்கா அதன் மேல் நோட்டை வைத்து எழுதும்போது நைனா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பீடிகூடப் பற்றவைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் அதே வருடம் அதே பரீட்சை. அவர் ஆண்கள் பள்ளி, அக்கா பெண்கள் பள்ளி. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து விஞ்ஞானப் புத்தகம் ஒன்றுதான். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் பேசி, அந்தப் புத்தகத்தை நடுத் தையலில் பிரித்து இரண்டாக அறுத்துவிட்டார்கள். பௌதிகம் ஒரு வீட்டில், ரசாயனம் ஒரு வீட்டில். இரண்டு பாதிக்கும் பழுப்புக் காகித அட்டை போட்டு, கோந்துக்குப் பதில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினாள் அக்கா. சனிக்கிழமைதோறும் பாதிகள் இடம் மாறும். கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வருவது என் வேலை. அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று நாலு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

அந்தக் காணும் பொங்கலுக்கு லாரி மகாபலிபுரம் போவதாகத்தான் ஏற்பாடு. அங்கே போனால் கூட்டத்தில் கடலே தெரியவில்லை. லாரி ஓட்டியவர், “என் மாமனாரு சத்ராஸ் கோட்டைல காவல் கீறாரு. அங்க ஈ காக்கா இருக்காது, வாங்க” என்று இன்னும் தெற்கே, சதுரங்கப்பட்டினத்துக்கு ஓட்டினார். அக்கா வரவில்லை. படிக்க வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும் வந்திருந்தார். வழியெல்லாம் லாரியின் பின்கட்டையில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டு, சக்கைகளை எங்கள் மேல் எறிந்து விளையாடிக்கொண்டு வந்தார்.

கோட்டை என்றதும் நான் ராஜா, சிம்மாசனம் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன். அங்கே இருந்தது செங்கல். சிவந்து, உப்புக்காற்றில் அரித்து, தொட்டால் தூள் தூளாக உதிரும் செங்கல். வாசலில் இரண்டு பீரங்கி. உள்ளே முட்செடி, ஆடு, இடிந்த கட்டடங்கள், அதற்கு அந்தப் பக்கம் கடல். காவல்காரர் காக்கிச் சட்டையும் வேட்டியுமாக வந்து, மருமகன் ஊர் ஜனம் என்பதால் எல்லாக் கதவையும் திறந்துவிட்டார்.

“டச்சுக்காரன் கட்னது. இந்தப் பக்கம் நெசவு ஜாஸ்தி. மெல்லிசுத் துணி நெய்வாங்க. அத வாங்கிக் கப்பல்ல ஏத்த வந்தவன், மொதல்ல குடோனக் கட்னான், அப்பால ஊட்டக் கட்னான், அப்பால சுத்திவர மதிலு எழுப்பிட்டான்.”

“அப்பால?” என்று கேட்டது நான்தான்.

“அப்பால இங்கிலீஷ்காரன் வந்து குண்டு போட்டுப் புடிச்சிக்கினான். அவ்ளோதான் கத.”

பிறகு கல்லறைகள் இருக்கும் இடத்துக்கு அழைத்துப்போனார். தரையோடு தரையாகப் பெரிய பெரிய கருங்கல் பலகைகள். அதில் மரம், கப்பல், மண்டையோடு எல்லாம் செதுக்கியிருந்தது. சுற்றிலும் எனக்குப் புரியாத எழுத்து. ஒரு சின்னக் கல்லைக் காட்டி, “இது கொழந்த” என்றார். “எப்டித் தெரியும்?” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். “பேரு வெட்டிகீதே. படிச்ச தொரைங்க வந்து சொன்னாங்க. கோட்டையே போச்சி, பேரு மட்டும் அப்டியே கீது பாரு.” நான் குனிந்து அந்தக் குழந்தையின் எழுத்துகளை விரலால் தடவினேன். வெயிலில் கல் சுட்டது. குழிக்குள் மணல் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனை மாரியம்மன் கோயிலில் பரீட்சைக் காலம் வந்தால் சுவர் முழுக்க நம்பராக இருக்கும். பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் தங்கள் நம்பரையும் பெயரையும் கரியாலும் குங்குமத்தாலும் எழுதிவிட்டுப் போவார்கள். எழுதினால் பாஸ். பூசாரி திட்டுவார், ரிசல்ட் வந்த பிறகு சுண்ணாம்பு அடிப்பார், அடுத்த வருடம் மறுபடியும் எழுதுவார்கள். உங்களில் பலரும் எழுதியிருப்பீர்கள். சுண்ணாம்பு அடித்தால் போய்விடுகிற சுவருக்கே அவ்வளவு சக்தி என்றால், இத்தனை காலம் பெயர் அழியாமல் இருக்கிற இடத்தில் எழுதினால் என்ன ஆகும்? என் புத்தி அப்படித்தான் போனது.

குடோன் என்று காவல்காரர் காட்டிய நீளமான அறைக்குள் வவ்வால் நாற்றம். பெரியவர்கள் யாரும் உள்ளே வரவில்லை. சுவரின் சுண்ணாம்புப் பூச்சு முழுக்க வந்துபோனவர்கள் கிறுக்கியிருந்தார்கள். ஆண் பெயர், பெண் பெயர், நடுவில் அம்பு தைத்த இதயம். அதற்கெல்லாம் எனக்கு அர்த்தம் தெரியாது. என் கைக்கு எட்டுகிற உயரத்தில் கொஞ்சம் காலி இடம் இருந்தது. உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து அக்காவின் பெயரை இனிஷியலோடு ஆழமாகச் சுரண்டினேன். கீழே பக்கத்து வீட்டு அண்ணனின் பெயர், அதுவும் இனிஷியலோடு. புத்தகத்தை ஆளுக்குப் பாதி படித்துவிட்டு ஒருத்தி மட்டும் பாஸானால் நன்றாகவா இருக்கும்? அதற்கும் கீழே ‘ஆவடி’ என்று ஊரையும் எழுதினேன். விலாசம் சரியாக இல்லாவிட்டால் சாமிக்கு எப்படித் தெரியும்? அவர்களுடைய பரீட்சை நம்பர் மட்டும் எனக்குத் தெரியவில்லை. அது தெரிந்து எழுதியிருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அதனால் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. கையில் செங்கல் தூள் ஒட்டியிருந்ததைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறிவிட்டேன்.

மாசி மகம் வந்தது. நைனாவின் தங்கையான என் அத்தையும், அவள் புருஷனான மாமாவும் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். நாங்கள் போய்வந்த கதையைப் பொங்கலிலிருந்து கேட்டுக் கேட்டு, கடலில் தலைமுழுகப் போனவர்கள் அப்படியே கோட்டையையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து நின்றபோது அத்தை உடம்பில் அதே சேலை, உப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கரை கட்டியிருந்தது. நைனா ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

“இன்னா அண்ணாத்தே, பொண்ணு படிக்கிறா படிக்கிறான்னு சொல்லிகினு இருந்தியே, இன்னா படிக்கிறான்னு கோட்டச் சொவுத்துல எழுதிகீது, போய்ப் பாரு” என்றாள் அத்தை.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நைனா மாமாவைப் பார்த்தார். “நான்தான் படிச்சேன் மச்சான்” என்றார் மாமா. “உன் இனிஷியலு போட்டு உன் பொண்ணு பேரு. அடியில பக்கத்து ஊட்டுப் பையன் பேரு. ஆவடின்னு ஊரு வேற. சுத்திவர அம்பு உட்ட படமா கீது.”

நைனா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். அக்கா மேசையிலிருந்து எழுந்து நின்றாள். “எனக்கு ஒண்ணும் தெரியாது நைனா. நான் அந்த லாரில வரவே இல்லியே” என்றாள்.

“நீ வரல. அவன் வந்தானே” என்றார் மாமா.

அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் புத்தகம் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் போய் வந்தது ஒரு நிமிடத்தில் வேறு கதையாகிவிட்டது. “உள்ள இன்னா வெச்சிக் குடுத்தாளோ, இந்தக் குட்டி தூக்கிகினு போனாளோ” என்று அத்தை என்னைக் காட்டினாள். நைனா பக்கத்து வீட்டுக்குப் போனார். அண்ணனைத் தெருக் குழாயடிக்கு இழுத்து வந்தார்கள். உண்மையைச் சொன்னால், நைனா அவரை அடிக்கவில்லை. அடித்தது அவருடைய சொந்த அப்பா. தன் பையன் தப்பு செய்தால் தான் விடமாட்டேன் என்று தெருவுக்குக் காட்ட வேண்டியிருந்தது அவருக்கு. பெல்ட்டைக் கழற்றி அடித்தார். அண்ணன் கையால் முகத்தை மூடிக்கொண்டு, “நான் எழுதல, நான் எழுதல” என்று மட்டும் சொன்னார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன். எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, “நான்தாம்மா எழுதினேன், ரெண்டு பேரும் பாஸாவணும்னு” என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது. நான் சொன்னதை அவள் நம்பினாள். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது.

“வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. ஒம்போது வயசுப் பொண்ணுக்கு இன்னா தெரியும், பெரியவதான் எழுதச் சொல்லி அனுப்பிச்சான்னு உங்க அத்தை சொல்லுவா. அப்பால உன்னையும் ஸ்கூல்லருந்து நிறுத்திடுவாரு. வாயத் தொறந்த, நாக்க இஸ்து வெச்சி அறுத்துடுவேன்.”

இதைச் சொல்லிவிட்டு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் கை ஈரத்தில் என் முதுகெல்லாம் நனைந்தது. ஒருத்தி போனாள், இன்னொருத்தியையாவது காப்பாற்றுவோம் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். அந்தக் கணக்குத் தப்பு. அன்றைக்கே என் கையைப் பிடித்துக்கொண்டு நைனா முன்னால் நிறுத்தியிருந்தால் அவர் கேட்டிருப்பார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. மேசை செய்து கொடுத்த மனுஷன் அவர். ஆனால் இப்போது தோன்றி என்ன?

பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. வகுப்பு டீச்சர் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்று நைனாவிடம் கெஞ்சாத குறையாகப் பேசினார். “பரீட்ச எழுத மட்டும் அனுப்புங்க, நானே கூட்டிகிட்டுப் போய்க் கூட்டிகிட்டு வந்து விடறேன்” என்றார். நைனா தலையைக் குனிந்துகொண்டு, “வேணாம் டீச்சர், உட்ருங்க” என்றார். ஹால் டிக்கெட்டை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகினார். ரொம்ப நாள் அது அங்கேயே இருந்தது. வீடு மாறும்போது எங்கே போனதோ தெரியவில்லை. ரசாயனப் பாதி அந்த வாரம் எங்கள் வீட்டில் இருந்தது. அதை அம்மா வெந்நீர் அடுப்பில் வைத்தாள். பௌதிகம் பக்கத்து வீட்டிலேயே நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணனை எங்கோ சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்திரையில் அந்தக் குடும்பமே வீட்டைக் காலி செய்தது. வைகாசியில் அக்காவுக்கும் அத்தை மகனுக்கும் கல்யாணம். “பேரு கெட்ட பொண்ண எவன் கட்டுவான்? எம்புள்ள கட்டுவான், என் அண்ணனுக்காக” என்று அத்தை சொல்ல, நைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரியவர்கள் எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறார்கள் என்று அப்போது தெரியவில்லை. மாப்பிள்ளை லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். நல்ல மனுஷன்தான். ஆறு வருடம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

என்னை நிறுத்தவில்லை. நான் படித்தேன், அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். அக்கா ஆவடியை அடுத்த அண்ணனூரில் தையல் மிஷின் வைத்துப் பிள்ளைகளை ஆளாக்கினாள். அவள் பிள்ளைகள் பத்தாவது எழுதிய வருடங்களில், பரீட்சை முடிந்த அன்றைக்கு வினாத்தாளை அவர்களிடமிருந்து வாங்கி, சமையல் முடித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து ஒரு நோட்டில் விடை எழுதிப் பார்ப்பாள். எழுதிய பிறகு அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடுவாள். நான் ஒருமுறை அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டும் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் பருத்திப்பட்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் கோட்டை பார்க்க ஒரு வேன் ஏற்பாடு செய்தார்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கு வெளியூர்களிலிருந்து வந்த சின்ன வயதுக்காரர்கள். “நீங்களும் வாங்க ஆன்ட்டி” என்றார்கள். எந்தக் கோட்டை என்று தெரிந்ததும் மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு அக்காவுக்கும் சேர்த்து இடம் கேட்டேன். தன் படிப்பை நிறுத்திய அந்தச் சுவரை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

இப்போது கோட்டை சுத்தமாக இருக்கிறது. முட்செடி இல்லை, நடைபாதை போட்டிருக்கிறார்கள், புல் வளர்த்திருக்கிறார்கள். சுவரில் எழுதக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். கூட வந்த பையன் துணி வியாபாரம், டச்சுக்காரர்கள், பீரங்கிச் சண்டை எல்லாவற்றையும் நன்றாகப் படித்துவிட்டு வந்து சொன்னான். மற்றவர்கள் கல்லறைகளைப் போட்டோ எடுக்கப் போனார்கள். அக்கா குடோன் வாசலில் நின்று, “எது அந்தச் சொவுரு?” என்று கேட்டாள்.

நான் உள்ளே போய்த் தேடினேன். பூச்சு பல இடங்களில் புதிது. என் நெஞ்சு உயரத்தில், நான் எழுதியிருக்கக்கூடிய இடத்தில், ஒன்றுமே இல்லை. “இங்கதான் இருக்கணும்” என்றேன். அப்புறம், “நான்தான்க்கா எழுதினேன்” என்றேன். பாஸாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டதையும், அம்மா வாயை அடைத்ததையும், ஜன்னலில் நின்று பார்த்ததையும், எல்லாவற்றையும் கோர்வையில்லாமல் கொட்டினேன். அழுகை வந்து பாதி வார்த்தை விழுங்கிப்போனது.

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தெரியும்” என்றாள். “அம்மா சாவறதுக்கு முந்தி சொல்ட்டுதான் போனா. பதினோரு வருசம் ஆச்சி.”

“ஏன்க்கா என்ன ஒரு வார்த்த கேக்கல?”

“நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். பண்டிகைக்கு வருவ, நல்லது கெட்டதுக்கு வருவ, இன்னிக்கிச் சொல்லுவா, நாளிக்கிச் சொல்லுவான்னு பாத்தேன். எழுதனது ஒம்போது வயசுப் பொண்ணு. அத நான் எப்பவோ உட்டுட்டேன். சொல்லாம இருந்தது யாரு? அம்பத்தொம்போது வயசாவுது உனக்கு.”

அவள் திட்டியிருந்தாலும் தேவலை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதையோ சாதாரணமாக விசாரிக்கிற மாதிரி கேட்டாள்: “அந்தப் பையன்கிட்ட சொன்னியா?”

“எந்தப் பையன்?” என்றேன்.

“பக்கத்து ஊட்டுப் பையன். குழாயாண்ட அடி வாங்குனானே. நான் எழுதலன்னு கத்துனானே. எனக்காவது அம்மா வந்து சொன்னா. அவனுக்கு யாரு சொன்னாங்க?”

ஐம்பது வருடத்தில் அவரை நான் நினைக்காமலில்லை. அக்காவின் கதையில் ஒரு துணை ஆளாகத்தான் நினைத்திருக்கிறேன். அக்காவின் பரீட்சை போனது, அக்காவின் வாழ்க்கை போனது என்று மனதுக்குள் உருகிக்கொண்டிருந்தேனே தவிர, செய்யாத தப்புக்கு ஊரே பார்க்க அடி வாங்கிய ஒரு பதினாறு வயதுப் பிள்ளை அந்தத் தெருவிலிருந்து எப்படிப் போயிருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பரீட்சை எழுதினாரா, பாஸானாரா, அதுகூட எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது அக்கா என் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில், ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த லாரியில் எங்களோடு வந்தவர்கள், அந்தத் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் உங்களுக்கு அந்தக் குடும்பம் ஞாபகம் இருக்கும். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எழுதியது அவர் இல்லை, நான். அவருடைய அப்பா இன்றைக்கு இருக்கமாட்டார். கடைசிவரை தன் மகன் பொய் சொன்னான் என்றே நினைத்துக்கொண்டு போயிருப்பார். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை.

நேற்று அக்கா போன் செய்தாள். ஏதாவது தகவல் கிடைத்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். “கெடச்சா சொல்லு, நானும் வரேன்” என்றாள். “கூட இருப்பியாக்கா?” என்றேன்.

“வாசல் வரிக்கும் வரேன். உள்ள நீதான் போவணும்” என்றாள்.